வலப்பக்கக் கதவு

சவ அடக்கத்துக்கென அணிந்த கறுப்புக் கோட்டின் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டு, வெண்டெல் தம் விமானக் கதவின் ரப்பர் விளிம்பில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள் மார்னி. அம்மாவின் சவப்பெட்டியருகே தேவாலயத்தில் ஊரே காத்திருக்க, அப்பாவைத் தேடி அவள் இங்குதான் வரவேண்டியிருந்தது. வேறெங்கே இருப்பார்? வீட்டுக் கூரை ஒழுகியபடியே கிடக்க, சொந்தக் கையால் விமானம் கட்டிய மகானுபாவர்.

"அப்பா, பாஸ்டர் கேக்கறார். பெட்டி வந்துடுச்சு, வீட்டுக்காரர் எங்கேன்னு."

"இதோம்மா. எங்கயாவது காத்து கசிஞ்சு குமிழி வருதான்னு மட்டும் பாத்துடறேன்."

கதவைச் சுற்றியோடும் அந்த ரப்பர் குழாய், பம்பு ஊதியதும் உப்பி இடுக்கை அடைக்கவேண்டும். அம்மா உட்காரும் பக்கத்தில் அது ஒருநாளும் ஒழுங்காக உப்பியதில்லை. பறக்கும்போதெல்லாம் குளிர் அவள் விலாவில் ஊசியாய் இறங்கும்.

"சைக்கிள் ட்யூப் ஒட்டு இந்த ரப்பர்ல நிக்காது மார்னி. இதுக்குன்னு தனிப் பசை இருக்கு. ஸ்பிரிட்டால துடைச்சு ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவிடணும்."

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"முன்னாடியே தெரியும்." அவர் தூரிகையையே பார்த்தார். "உங்கம்மாதான் போர்வை எடுத்துட்டு வந்துடுவாளே. அதான்…"

"நேத்து நான் கடையில ஒண்டியா நின்னு அம்மாவுக்குப் பெட்டி பாத்துட்டிருந்தேன். நீங்க இங்க பசை காயவெச்சிட்டிருந்தீங்க. செத்தவளுக்குக் குளிராதுப்பா."

அவர் தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் போட்டார்.

"ஒரே ஒரு தடவை அவ சீட்ல உக்காந்து பாரு. காத்து வரலைன்னு சொல்லு, போதும். கிளம்பிடலாம்."

"வந்தா?"

"வந்தாலும் கிளம்பலாம். ஆனா…"

இந்த மனிதரோடு வாதாடுவதுகூட அவருக்குச் செய்யும் மரியாதையாகிவிடும் என்று தோன்றவே, மார்னி அம்மாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

கதவு மூடியது. பம்பு முனகியது. ரப்பர் மெல்ல உப்பி இடுக்கில் பொருந்தியதும், அதுவரை தகரக் கூரையை உலுக்கிக்கொண்டிருந்த நவம்பர் காற்றின் ஓசை சட்டென்று தொலைவுக்குப் போயிற்று. விளிம்பு நெடுக உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாள். ஓர் இழை காற்றுகூட இல்லை. கண்ணாடிக்குள் அவளுடைய மூச்சின் வெதுவெதுப்பு மட்டும் தங்கியது.

வெளியே, சோப்பு நுரை படிந்த கையை உயர்த்தி, புருவத்தால் கேட்டார் வெண்டெல்.

மார்னி அவரை நேராகப் பார்த்தாள். பிறகு, அவசரமேயில்லாமல், குளிர்கிறவளைப்போல் தன் கோட்டின் கழுத்துப்பட்டையைக் காதுவரை தூக்கிவிட்டு, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.