கடைசி அட்டையின் முதுகு

பத்து பதிப்பகங்கள் என் கதைகளைத் திருப்பி அனுப்பின. பதினொன்றாவது கூப்பிட்டது. ஒசாகாவில் பாலர் பள்ளிகளுக்கு மாதாமாதம் படஅட்டைக் கதை போடுகிறவர்கள். எட்டு அட்டைகளை மரப்பெட்டியில் வைத்து, படத்தைக் காட்டி வாசித்து, ஒவ்வொன்றாக உருவிப் பின்னால் செருகுவது. வெளியாட்களிடம் எழுதி வாங்குகிறார்கள் என்று தெரிந்து நான்தான் முதலில் போன் போட்டுக் கெஞ்சியிருந்தேன். இதிலென்ன வெட்கம்? காப்பீட்டு ஆபீஸ் வேலையை விட்டு ஒரு வருஷமாகிவிட்டது. திரும்பி வருகிறாயா என்று பழைய மேலாளர் கேட்டிருந்தார், இன்று மாலைக்குள் பதில் வேண்டுமாம். இந்தக் கதை தேறாவிட்டால் அங்கேதான் போய் உட்கார வேண்டும்.

பதிப்பாசிரியர் ஓகி சான் கதையைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே பாலர் பள்ளிக்கு வரச் சொன்னார். நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் தரையில் இருந்தார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்தார்.

"நான் உங்களப் பாக்க மாட்டேன், குரியாமா சான். பிள்ளைங்க காலத்தான் பாப்பேன். கால் திரும்பிடுச்சுன்னா கதை அவ்வளவுதான்."

பெட்டிக் கதவைத் திறந்தேன். பஸ் நிறுத்தத்தில் நரிக்குட்டி தனியாக நிற்கும் முதல் படம். வாசிக்கலாம் என்று பின்னால் பார்த்தால், 'அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினாள்' என்று கதையின் முடிவு இருக்கிறது.

பிள்ளைகள் பார்ப்பது முதல் அட்டையின் படம், வாசிப்பவள் பார்ப்பது கடைசி அட்டையின் முதுகு. முதல் படத்துக்கான வரிகளை அங்கேதான் எழுத வேண்டும். படப்புத்தகமே எழுதிப் பழகிய மண்டை, அந்தந்தப் படத்தின் முதுகிலேயே எழுதித் தொலைத்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் மனதில் இருந்ததைச் சொன்னேன். பாதி வரிகள் மறந்துபோயின. ஐந்தாவது அட்டையில் சுத்தமாக எதுவும் வரவில்லை. ஒரு சின்னப்பெண் கேட்டாள், "அம்மா வரலயா?"

"இன்னும் வரல," என்றேன்.

முடிந்ததும் ஓகி சான் எழுந்து வந்தார். "ஒரு கால்கூட அசையல." நான் பூரித்துப்போனேன். "ஆனா பிள்ளைங்க கேட்டது உங்களைத்தான். அட்டை ஊர் ஊரா போகும். நீங்க கூடவே போவீங்களா?"

அட்டைகளை வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்து, எழுதியிருப்பதை அப்படியே பக்கத்து வகுப்பில் வாசிக்கச் சொன்னார். சரியான வரிகளைத் தேடி அட்டையை மாற்றிமாற்றிப் பார்த்து ஆசிரியையும் ஒழுங்காகத்தான் வாசித்தாள். நான் ஒரு மாதம் செதுக்கிய மழை வர்ணனை மூன்றாவது அட்டையில் வந்தது. நான்கு ஜோடிக் கால்கள் ஜன்னல் பக்கம் திரும்பின. பிறகு எல்லாமே திரும்பின. அவமானத்தில் செத்துப்போனேன்.

"இன்னொரு வகுப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அரை மணி நேரத்துல அவங்க சாப்பிடப் போயிடுவாங்க."

நடைபாதையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மழை வர்ணனையை முழுசாக அடித்தேன். பிள்ளைகளிடம் சொன்னதை மட்டும், இந்த முறை சரியான முதுகில், வெள்ளைத் தாள் ஒட்டி எழுதினேன். ஐந்தாவது படத்துக்கு ஒரே வரி: 'இன்னும் வரல.' கீழே வாசிப்பவருக்கு ஒரு குறிப்பு: 'கொஞ்சம் சும்மா இருங்க.'

ஆசிரியை அட்டைகளோடு மூன்றாவது வகுப்புக்குள் போனாள். நான் கதவோரம் ஒண்டிக்கொண்டு நின்றேன். ஐந்தாவது அட்டையில் அவள் நிறுத்தினாள். பிள்ளைகள் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு பையன் மெல்ல முன்னால் நகர்ந்தான்.

ஜூன் மாதத்துக்கு இதுதான் என்று ஓகி சான் சொன்னார். கதை முடிந்து பிள்ளைகள் என்னைக் கடந்து சாப்பிட ஓடினார்கள். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன்.