பொட்டு வைத்த விரல்

வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டப வாசலில், கிரேக்கத்துப் பாணியில் வார்த்த வெள்ளைச் சிலை ஒன்று நிற்கிறது. உடுப்பில்லாத பெண். தமிழ்க் கல்யாணமென்றால் மண்டபக்காரர் அதற்கு ஒரு பட்டுச் சேலையைச் சுற்றிவிடுவார்; முடிந்ததும் உருவிவிடுவார். பாவம், அவளுக்கு மானம் மணிக்கணக்கில்தான்.

அப்படியொரு கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் நமசிவாயம், இலட்சுமியாக்கும் என்று நம்பி, தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு அந்தச் சிலையின் நெற்றியில் வைத்துக் கும்பிட்டார். படம் எடுக்கப் போயிருந்த சுபோதினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சனம் கலைந்தபின் சேலையை உருவினார்கள். அது காலடியில் குவிந்து கிடக்க, பொட்டோடு நின்ற சிலையை அவள் கமராவில் பிடித்தாள். காலமெல்லாம் ஊரார் வீட்டுக் கல்யாணங்களையே எடுத்தவள் தனக்கென்று எடுத்த முதல் படம் அதுதான்.

கொட்டாஞ்சேனையில் நடந்த புகைப்படச் சங்கக் கண்காட்சிக்கு அது தெரிவானது. படங்களைத் தொங்கவிடும் நாளில் சங்கத் தலைவர் வந்து பார்த்து முகம் சுளித்தார். தலைவர் வேறு யாருமில்லை, அதே நமசிவாயம்தான். சேலையில்லாத சிலையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“பிள்ளை, பொட்டு வைச்ச பொம்பிளையை இப்பிடியே காட்டுறது? கழுத்துக்குக் கீழை வெட்டிப்போட்டுத் தொங்கவிடு. இல்லாட்டிக் கொண்டு போ.”

சங்கத்தார் தங்கள் தங்கள் படங்களுக்கு ஆணி அடிக்கத் திரும்பிக்கொண்டார்கள். சுபோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அங்கிள், கண் முதல் பொட்டிலைதான் விழுது. பாரம் முழுக்க ஒரு காலிலை. அதாலை அந்தப் பக்க இடுப்பு எழும்பி, தோள் சரிஞ்சிருக்கு. அந்த வளைவு வழிய இறங்கித்தான் கண் சேலைக் குவியலுக்கு வருது. கோயில்லை அம்மன் விக்கிரகமும் இதே வளைவிலைதான் நிக்குது.”

“அம்மனுக்கு அலங்காரம் முடியுமட்டும் திரை போடுறம்!”

“விக்கிரகம் செய்தவன் திரைக்கு வெளியிலை நிண்டோ செய்தவன்? கழுத்தோடை வெட்டினா பொட்டு வைச்ச தலை மட்டும்தான் மிஞ்சும். பொம்பிளையிலை உங்களுக்கு அவ்வளவு போதுமோ?”

“வெட்டச் சொன்னா வெட்டு.”

மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து அவள் அவரிடமே நீட்டினாள்.

“அப்ப நீங்களே வெட்டுங்கோ. பொட்டு வைச்ச கைதானே.”

“என்ன சொல்லுறாய்?”

“உங்கட மகளின்ரை கலியாணத்திலை, மண்டப வாசல்லை கும்பிட்டியளே இலட்சுமி எண்டு? அவதான் இவ. அந்தக் குங்குமம் உங்கட விரல் வைச்சது.”

பின்னாலே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நமசிவாயம் படத்தைப் பார்த்தார். நீட்டியிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சுபோதினி கத்தரிக்கோலை வைத்துவிட்டு முழுப் படத்தையும் சுவரில் தூக்கிப் பிடித்தாள்.

“ஆணி அந்தப் பெட்டிக்கை கிடக்கு அங்கிள். எடுத்துத் தாங்கோ.”

அவர் எடுத்துக் கொடுத்தார்.