பெரிய எழுத்துக்கு மட்டும்

வெள்ளவத்தையில் மாடிவீடொன்றில் தனியாக இருந்த சிவானி, இரண்டு வருடம் மெனக்கெட்டு ஓர் ஆங்கில எழுத்துருவை வரைந்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தாள். பழைய வாசனைப் போத்தல்களில் இருப்பதைப் போன்றது. ஒவ்வோர் எழுத்தின் முனையிலும் சின்னப் பாதம், வால்கள் கொடிபோலச் சுருண்டு கிடக்கும். கலியாணக் கார்ட், கடைப் பெயர்ப்பலகை, தேயிலைத் தகரப் பேணி என்று அது பொருந்தும் இடங்களை எழுதியவள், கடைசியில் ‘எல்லாவற்றுக்கும் ஏற்றது’ என்றும் சேர்த்துவிட்டாள். சின்ன அளவில் அடித்தால் வால்கள் சிக்கி வாசிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் வாங்குகிறவர்கள் யோசிப்பார்கள் என்று சொல்லாமல் விட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் தொலைபேசி அடித்தது. மாளிகாவத்தையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் ஜுமானா.

"இந்த எழுத்து வித்தது நீங்களா மிஸ்? பெட்டியில எல்லாத்தயும் அதுலதான் அடிச்சேன். கஜுப் பருப்பு போட்டிருக்குன்டு ஒரு உம்மாவுக்கு வாசிக்க ஏலாமப் போச்சு. அந்தப் பருப்பு ஒத்துக்காத புள்ளட முகம் வீங்கி ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்க. இப்ப சுகம்."

சின்ன அளவைப் பற்றி எழுதாமல் விட்டது சிவானிக்கு நினைவுக்கு வந்தது. அந்த எழுத்தைப் பற்றி ஒருவர் அவளோடு கதைப்பது இதுதான் முதல் தடவை என்ற நினைப்பும் கூடவே வந்தது. வெட்கமாக இருந்தது.

"நான் வாறன். இடத்தைச் சொல்லுங்கோ."

ஜுமானாவின் வீட்டில் கேக் பெட்டிகள் யன்னல்வரை அடுக்கியிருந்தன. சிவானி மடிக்கணினியைத் திறந்து, பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரில் கேக்கின் பெயரை மட்டும் தன் எழுத்தில் பெரிதாக விட்டாள். வால்களுக்கு விரிய இடம் கிடைத்தது. மற்றதெல்லாம் சாதாரண எழுத்தில்; கஜு, அதாவது முந்திரிப்பருப்பு இருப்பது, முதல் வரியில், தடிப்பாக.

"பிழை என்ரதான்," என்றாள். "சின்ன எழுத்துக்குச் சரிவராது எண்டு தெரியும். எழுதாமல் விட்டிட்டன்."

"தெரிஞ்சா விட்டீங்க?"

"ஓம்."

ஜுமானா எழும்பிக் குசினிக்குள் போனாள். பிறகு, "நானும் வாசிச்சுப் பாக்காமத்தானே ஒட்டினேன்," என்று சொல்லிப் பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் கோபம் முழுதாகப் போகவில்லை.

சிவானி புறப்படும்போது ஜுமானா கேட்டாள். "வீட்டுல எத்தின பேர் மிஸ்?"

"நாலு பேர்." வாயில் தானாக வந்துவிட்டது.

ஜுமானா பெரிய கேக்காகவே கட்டிக் கொடுத்தாள்.

பஸ் பொரளையில் நெரிசலில் நின்றபோது சிவானி மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, கைபேசியில் விற்பனைப் பக்கத்தைத் திறந்து ‘எல்லாவற்றுக்கும் ஏற்றது’ என்ற கடைசி வரியை அழித்தாள். ‘பெரிய எழுத்துக்கு மட்டும். சின்ன எழுத்தில் பாவிக்க வேண்டாம்’ என்று எழுதினாள்.

வீட்டில் ஒரு துண்டு வெட்டி, குசினியில் நின்றபடியே சாப்பிட்டாள். அடுத்த நாளும் ஒரு துண்டு. வெள்ளிக்கிழமை ஜுமானாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். புது ஸ்டிக்கர் நன்றாக வந்திருக்கிறதாம்.

"கேக் எப்பிடி மிஸ்? வீட்டுல புள்ளைகளுக்குப் புடிச்சதா?"

பாதிக்கு மேல் கேக் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தது.

"ஓம்," என்றாள் சிவானி. "நல்லாப் பிடிச்சுது."