வித்த சரக்கு

கதவைத் திறந்ததும் பிச்சமுத்து சொல்ல வேண்டிய வசனம் ஒன்றே ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு எடுத்த மாடி வீட்டில், டெல்பின் இயக்கும் யூடியூப் நகைச்சுவைத் தொடருக்குப் படப்பிடிப்பு. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி நடத்தும் பிச்சமுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொடரின் அப்பா. எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் அப்பா. வேஷத்துக்கும் தனக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

அன்றைய காட்சியும் அவர் வீட்டில் நடந்ததுதான். போன மாதம் மகள் ரஞ்சனி சொல்லாமல் கொள்ளாமல் திருவெறும்பூரில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றாள். “வித்த சரக்கைத் திருப்பி எடுக்கிறதில்லம்மா, கடையில போர்டு பாக்கலையா?” என்றார். வீட்டிலிருந்த உறவுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் காலையிலேயே அவள் திரும்பிப் போய்விட்டாள். இதை அவர் படப்பிடிப்பில் சொல்லிச் சிரிக்க, டெல்பின் அப்படியே எழுதிக்கொண்டாள்.

“ஆக்‌ஷன்!”

மகளாக நடிக்கும் அல்ஃபியா வாசலில் பையோடு நின்றாள். பிச்சமுத்து வசனத்தைச் சொன்னார். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அல்ஃபியா நன்றாக நடிப்பவள். ஒரு கணம் முகம் செத்து, பிறகு மற்றவர்களுக்காகச் சிரித்தாள். உள்ளே வைத்த காலை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டாள்.

பிச்சமுத்து அந்தக் காலையே பார்த்தார். ரஞ்சனியும் அன்று சிரித்தாளா? யோசித்துப் பார்த்தார். அந்த நேரம் அவர் உறவுக்காரர்கள் பக்கம் திரும்பியிருந்தார். மகளின் முகம் நினைவிலேயே இல்லை.

“சூப்பர் அங்கிள். எதுக்கும் இன்னொரு டேக் போயிடலாம்,” என்றாள் டெல்பின்.

“இந்த வசனம் வேணாம்மா.”

“நீங்க சொன்ன ஜோக்தானே அங்கிள்?”

“நான் சொன்னதுதான். அதான் வேணாங்கிறேன்.”

“சீனே அதை நம்பித்தான் இருக்கு. எடுத்துட்டா யாரு சிரிப்பாங்க?”

“யாரும் சிரிக்க வேணாம். முடியாதுன்னா வேற அப்பாவைப் பாத்துக்குங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை. டெல்பின் அவரையே பார்த்துவிட்டு, கேமராக்காரருக்குச் சைகை காட்டினாள்.

இந்தமுறை அல்ஃபியாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். “உள்ள வாம்மா.” பையோடு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். டெல்பின் “கட்” சொல்லவே நேரம் பிடித்தது. இதை வைத்துக்கொள்வாளா, வெட்டிவிடுவாளா என்று அவர் கேட்கவில்லை. மேக்கப்பைக் கழுவிவிட்டு, திருவெறும்பூருக்குப் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்த ரஞ்சனி, “என்னப்பா, திடீர்னு?” என்றாள். வழக்கமான கிண்டல் வரும் என்று சிரிப்பைத் தயாராக வைத்திருந்தாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“அன்னைக்கு எதுக்கும்மா வந்தே? நான் கேக்கவே இல்ல.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்தாள். பிறகு கொல்லைக் கதவைத் திறந்து, ஈரப் புடவை காயும் கொடிக்கு அடியில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டாள்.