அறுபத்தெட்டு அடி

1952இல் எல்லர்குருண்ட் ஊரின் நடுவே நாட்டைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் வேலி வந்தபோது, மேற்குப் பக்கத்துத் தேவாலய மணியின் ஓசை வேலியோடு நின்றுவிட்டது. கிழக்கே இருந்தவர்களுக்கு மணி ஆடுவது தெரியும், சத்தம் வராது. வேலி பின்னால் சுவரானது. 1966 மார்ச்சில் மேற்கே இருந்த தன் அம்மா இறந்தபோது, கிழக்கே பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ரோஸ்வீதா மாடி ஜன்னலில் நின்று மணி ஆடியதை மட்டும் பார்த்தாள். இறந்தவரின் வயதுக்கு ஓர் அடி வீதம் மணி அடிக்கும். அதைக் கேட்டு ஜன்னலைத் திறந்த பிறகுதான் கறுப்பு உடுத்தலாம், அழலாம் என்பது ஊர் வழக்கம். அவள் அழவில்லை.

1989 டிசம்பரில் சுவர் உடைந்த மறுநாள், தேங்கிக் கிடந்த ஓசையெல்லாம் கிழக்கில் மட்டும் வரிசையாகக் கேட்கத் தொடங்கியது. முதலில் 1952இன் அறுவடைத் திருநாள், பிறகு ஈஸ்டர், கல்யாணங்கள், சாவுகள். அடுத்த அக்டோபரில், நாடு இணைந்த நாளன்று, 1966 பிப்ரவரி வந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து மேற்கில் மணிக்காரர் கெர்ஹார்ட் ஒரு மணி நேரம் விடாமல் அடித்துத் தீர்த்தார். பழைய ஓசை மிரண்டு அடங்கிவிட்டது.

ரோஸ்வீதா நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

“ஏன்டா, கை அரிச்சா சொறிஞ்சுக்க வேண்டியதுதானே? அடுத்த வாரம் எங்கம்மா மணி வந்திருக்கும்டா!”

“நாடு ஒண்ணாயிடுச்சேன்னு சந்தோசத்துல அடிச்சேன், ரோஸ்வீதா.”

“உனக்கு ஒண்ணாயிடுச்சு. நான் இன்னும் அறுபத்தாறுலதான் நிக்கிறேன்.”

கெர்ஹார்ட் கோபுரத்தில் ஏறி மணியின் நாக்கைக் கம்பளியால் சுற்றிக் கட்டினார். மேற்கில் யாரும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் கம்பளியை யாரும் அவிழ்க்கவில்லை. மே மாதம் அவருடைய ஒரே மகளின் கல்யாணமே மணியில்லாமல் நடந்தது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பெரிய மனசு என்றால் அதுதான்.

ஜூனில் ஒரு மத்தியானம் ரோஸ்வீதா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது முதல் அடி விழுந்தது. கத்தியை வைத்துவிட்டு எண்ணினாள். அறுபத்தெட்டு. கிழக்கில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதைப் பார்த்தே மேற்கில் புரிந்துகொண்டார்கள். கறுப்பு உடுத்தி, துக்க வீட்டுக்குரிய பொரிமாவுக் கேக்கைத் தட்டுகளில் ஏந்திக்கொண்டு அந்தப் பக்கத்தவர்கள் வந்தார்கள். முதல் தட்டு கெர்ஹார்டின் மகள் கையில் இருந்தது. அவள் தோளில் சாய்ந்து ரோஸ்வீதா வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் கல்லறைக்குப் போக பஸ் ஏறினாள். கறுப்பு உடையைப் பார்த்த டிரைவர், “யாரும்மா தவறிட்டாங்க?” என்று கேட்டார்.

“எங்கம்மா. இன்னைக்கு மத்தியானம்.”

டிரைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அவள் உட்காரும்வரை காத்திருந்து வண்டியை எடுத்தார்.