சூப்பர்வைசர் மடிப்பு

அண்ணன் வெளியே வந்ததிலிருந்து ஏறி இறங்காத இடம் பாக்கியில்லை. எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான்: "கூப்பிடறோம்." ஒருத்தனாவது கூப்பிட வேண்டுமே!

அடிதடி கேஸ். ஜெயிலில் இருந்த காலம் முழுக்க அங்கே சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்திருக்கிறான். நானும் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறேன், வெளியே. ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைவானேன் என்று நேரே முதலாளியிடம் போய் நின்றேன். எதையும் மறைக்கவில்லை.

"ஒரு நாள் வரச்சொல்லும்மா. சூப்பர்வைசருக்குப் பிடிச்சா எனக்கும் சரி" என்றார்.

அன்று சாயந்திரமே அண்ணிக்குப் போன் போட்டேன். பையனோடு தன் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

"வேலை கிடைச்சா வரச்சொல்லு. பையன்கிட்ட அப்பா வந்துட்டார்னு அன்னிக்குச் சொல்றேன். வேலை இல்லாம வந்து வாசல்ல நிக்க வேணாம். அவன் ஒரு தடவை அழுதது போதும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

விடுதலையான கைதிகளுக்கு வேலை தேடித் தரும் மையத்தில் ஒரு மேடம் இருக்கிறார். "மறைச்சாதான் சந்தேகம் வரும். யாராவது கேட்டா, கேட்டதுக்கு மேலேயே சொல்லிடுங்க" என்று அண்ணனுக்குப் பாடம் எடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு வரி மனப்பாடம் செய்யாதவன் இதை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டான்.

காலையில் போனோம். சூப்பர்வைசர் வாசலில் நின்றிருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் சிரிப்பு மட்டும் வராது. எங்கள் கூடத்தில் 'சூப்பர்வைசர் மடிப்பு' என்று ஒன்று உண்டு. விரிப்பை நீளத்தில் இரண்டாக மடித்து, குறுக்கே மடிக்கும் முன்னால் உள்ளங்கையை நடுவில் விட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவ வேண்டும். அப்புறம் ஓரமெல்லாம் நம்மைப் பார்க்கிற மாதிரி அடுக்க வேண்டும். எதற்குத் தடவுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. சுருக்கம் போகத்தான் என்று நானே நினைத்திருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

"உன் தங்கச்சி பக்கத்துல நில்லு தம்பி. அவ மடிக்கிறதைப் பாரு" என்றார்.

அண்ணன் பார்க்கவே இல்லை. விரிப்பை உதறினான், மடித்தான், கையை உள்ளே விட்டுத் தடவினான், அடுக்கினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று. ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி.

"ஆத்தாடி! எனக்கு இது படிய ஒரு மாசம் ஆச்சு" என்றாள் இஸ்திரி மெஷினில் நிற்கும் அக்கா. "இது எங்க சூப்பர்வைசரோட ரகசியமாச்சே! எங்கேப்பா கத்துக்கிட்டே?"

கேட்டுவிட்டாள். அண்ணனும் கேட்டதுக்கு மேலேயே சொல்லிவிட்டான்.

"ஜெயில்லக்கா. அங்கே எல்லாரும் இப்படித்தான் மடிக்கணும். துணிக்குள்ள பிளேடு, பீடின்னு வெச்சு அனுப்பிடுவாங்க. அதான் கையை விட்டுத் தடவறது. ஓரம் வெளியே தெரிஞ்சாதான் வார்டர் எண்ணுவாரு. வெளியில எவனும் இப்படி மடிக்கமாட்டான்க்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எங்கள் மேசையில் மட்டும் ஆறு பேர் அதே மாதிரி மடித்துக்கொண்டிருந்தோம். என் கை விரிப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. அக்கா அண்ணனைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாகச் சூப்பர்வைசரைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம்.

"வேலையைப் பாருங்க" என்றார் அவர். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

மத்தியானம் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனேன். உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் அண்ணனும் சூப்பர்வைசரும் பேசுகிற குரல்.

"அண்ணே, சத்தியமாத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன்."

"நான் வெளியே வந்து பன்னெண்டு வருஷம்டா. என் மாப்பிள்ளைக்கே தெரியாது."

"இனிமே யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"நீ பேசவே வேணாம். நீ பக்கத்துல நின்னு மடிச்சாலே போதும், அவங்க என்னைத்தான் பார்ப்பாங்க."

அண்ணன் ஏதோ கெஞ்சினான். மெஷின் சத்தத்தில் 'பையன்' என்ற ஒரு சொல் மட்டும்தான் கேட்டது.

சாயந்திரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். நானும் கூடவே போனேன்.

"வேலையில குறை இல்லப்பா. ஆனா இந்த மாதிரி ஆளை வெச்சா மத்தவங்க பயப்படுவாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. அவர் சொன்னா அதுல விஷயம் இருக்கும். ஒருத்தனைப் பார்த்தாலே அவருக்கு ஆள் எப்படின்னு தெரிஞ்சுடும்."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

பஸ் ஸ்டாப்பில் வெடித்தேன். "ஏன்டா தடுத்தே? உன்னை மாதிரி ஆள்தானே அவரும்! உள்ளே போய் ஒரே வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா? அவரையும் அனுப்புவாங்க. அந்த இடத்துல என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பாங்களா?"

"அதுக்காக உன் வயித்துல அடிப்பாரா?"

"அவர் இடத்துல நான் இருந்தா மத்தியானம் வரைக்கும்கூட விட்டிருக்க மாட்டேன். ஆரம்பத்துலேயே துரத்தியிருப்பேன்."

இப்படிச் சொல்லிவிட்டுக் காறித் துப்பினான். துப்பியது சூப்பர்வைசரையா, தன்னையா, எனக்குத் தெரியவில்லை.

மையத்து மேடம் போனில் வந்தார். "எப்படிப் போச்சு? ஓப்பனாப் பேசினீங்களா?"

"பேசினேன் மேடம். நல்லா ஓப்பனா."

"சூப்பர்! அதுதான் வேணும். மத்ததெல்லாம் தானா நடக்கும்."

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போடுவதற்குள் மறுபடி அடித்தது. அண்ணி. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் கையில் திணித்தான்.

"நீயே சொல்லு."

"என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி. பின்னால் பையன் எதற்கோ கத்திச் சிரிக்கிற சத்தம்.

"இல்ல அண்ணி. ஆகலை."

ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பையன் சிரிப்பு நின்றுபோனது.

"நல்லவேளை, அவன்கிட்ட நான் எதுவும் சொல்லலை" என்றாள்.