வயிறு என்று சொன்னாள் இலோனா

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, இலோனாவுடையது. ஸ்லோவாக்கியாவின் கிழக்குக் கோடியில், தார்ச்சாலை முடிந்து ஊரார் ஜிப்சிகள் என்று அழைக்கும் எங்கள் ரோமா மக்களின் குடியிருப்புச் சேறு தொடங்கும் இடத்தில் அவள் வீடு. அவளுக்கு மாதக்கணக்காக அடிவயிற்றில் வலி. தீட்டு நின்றுபோன வயதில் உதிரப்போக்கு. டாக்டரிடம் அவள் சொன்னதோ, "சாப்பிட்டா வயிறு உப்புது." ஒரு வருடம் அமிலத்துக்கு மாத்திரை தின்றாள். சினைப்பையில் புற்றுநோய். போன பிப்ரவரியில் புதைத்தோம்.

ஏன் அந்தப் பொய்? பக்கத்தில் மருமகன் கேய்ஸா நின்றான். காரும் அவனுடையது, டாக்டருடைய மொழியும் அவனுக்குத்தான் சரளம். இடுப்புக்குக் கீழே உள்ளதை எங்களில் எந்த மாமியாரும் மருமகன் காதுபடப் பேசமாட்டாள். துவைக்கும்போதுகூட மேல்துணிக்கு ஒரு தொட்டி, கீழ்த்துணிக்கு வேறு தொட்டி. அவன் மனைவி, இலோனாவின் மகள் சிடோனியா, கூடப் போயிருக்கலாம். ஆனால் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும்வரை தாய் வாசல் தாண்டக் கூடாது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் இலோனா (பெய்யவில்லை. எங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே பனியும் வயலினும் எங்கிருந்துதான் வந்துவிடுகின்றனவோ.)

"அறியாமையால் மடிந்த ஒரு (அடித்துவிட்டேன். யாருடைய அறியாமை என்று அடுத்த வரியில் சொல்ல வேண்டிவரும்.)

3

அந்த டாக்டரை முதலில் அயோக்கியனாக எழுதினேன். எழுதச் சுகமாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. நல்லவராக மாற்றினேன். கனிவாகச் சிரிக்கிறார், அதே மாத்திரையை எழுதித் தருகிறார். இரண்டு வரைவிலும் அவர் இலோனாவின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரைவில் கேய்ஸாவைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு நானே இலோனாவோடு உள்ளே போனேன். எழுத்தாளருக்கு அந்த அதிகாரமாவது வேண்டாமா? அவள் உண்மையைச் சொன்னாள். டாக்டர் ஸ்கேனுக்கு நகரத்துக்கு அனுப்பினார். அங்கே கோடைக்குத்தான் தேதி கிடைத்தது. அன்று பார்த்துக் கேய்ஸாவின் கார் கிளம்பவில்லை. பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போயிற்று. அது அடிக்கடி அப்படித்தான் போகும். மூன்றாவது வரைவிலும் இலோனா செத்தாள்.

ஒரு வாக்கியத்தை என்னால் திருத்த முடிந்தது, பேருந்தைத் திருத்த முடியவில்லை. அன்று மேசையில் தலைவைத்து அழுதேன். இதைக் கதையில் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

4

நிஜத்தில் நடந்தது இது: கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். இது குடும்பவழியாக வருவது, மரபணுவில் ஒரு பழுது. இலோனாவின் அம்மா மார்பில் கட்டியோடு இறந்ததும் அதனால்தான் இருக்கும். சிடோனியாவும் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை.

கேய்ஸாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. "திருட்டு எங்க ரத்தத்துலயே இருக்குன்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாங்க. இப்ப சீக்கும் ரத்தத்துலதானா?" என்றான்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: மரபணுவும் உண்மை, தொடாத கையும் உண்மை. மரபணுவை மட்டும் சொன்னால் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள்: டாக்டர், பேருந்து, பாதியில் நின்ற சாலை. அதைச் சொல்லாமல் விட்டால் சிடோனியா தப்பிக்கமாட்டாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியம் எனக்கு இன்னும் கைகூடவில்லை.)

5

முடிவு ஒன்று: சிடோனியா போகிறாள். பழுது அவளுக்கும் இருக்கிறது. மூத்த மகளுக்கு வரன் பார்க்கும் காலத்தில் அந்த ரத்தம் கெட்டது என்று

முடிவு இரண்டு: போகவில்லை. சில வருடம் கழித்து அவளும் ஒரு நாள் வயிறு

இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. சிடோனியா என் அடுத்த வீடு. அவள் மகள்கள் இருவரும் என் அடுப்படியில்தான் விளையாடுவார்கள். நான் எழுதுவதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். நேற்று இந்த இரண்டு முடிவுகளையும் கேட்டபடி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"இருக்குன்னு வந்தா சினைப்பையை எடுத்துடணும்பாங்க. யாரு எடுப்பாங்கக்கா? எங்கம்மா வயித்தத் தொட்டுக்கூடப் பாக்காதவங்களா?"

சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"சரி, கடைசில அவ போறாளா இல்லையா?"

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

"ரத்தம் குடுக்க வியாழக்கிழமைக்கு வரச்சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள எழுதிடுங்கக்கா. கதைல அவ என்ன பண்றாளோ, நானும் அதையே பண்ணிடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. போ என்று எழுதினால் அவளை அதே கைகளில் ஒப்படைக்கிறேன். போகாதே என்று எழுதினால் அவள் அம்மா பக்கத்தில் குழி தோண்டுகிறேன்.

கடைசி வரியைத் தொடங்கி வைத்திருக்கிறேன். மீதியை நீங்கள் எழுதுங்கள். என்ன எழுதினாலும் அதை அவளுக்கு வாசித்துக் காட்டப்போகிறவள் நான்.

வியாழக்கிழமை காலை சிடோனியா